காப்பும் காயமும்

கையாற் செய்யப்பட்ட கிற்றார் ஒன்று, அதனை இசைக்கப்போகும் இளைஞனின் மடியை வந்தடையும் நாளில் அதன் முகத்திற் கீறல் எதுவும் இருப்பதில்லை. ஒலித்துளைக்கும் குதிரைக்கும் இடைப்பட்ட பலகை வெண்மஞ்சள் நிறமாய், நெருங்கிய நேர்வரிகளோடு, தூசும் படியாத வழவழப்புடன் விளங்கும். முதல் வாரங்களில் அதனைத் தொடுமுன்னர் அவன் கைகளைக் கழுவிக்கொள்கின்றான். இசைத்து முடிந்ததும் மெல்லிய துணியால் துடைத்துப் பெட்டியுள் வைக்கின்றான். மாதங்கள் செல்லச் செல்ல இந்தக் கவனம் தளர்கின்றது; இசை வளர்கின்றது. பின்னொரு நாள், மாலை வெயில் சாளரத்தினூடே சாய்ந்து விழும் வேளையில், பலகையின் மீது அவன் ஒன்றைக் காண்கின்றான். ஒலித்துளையின் கீழ்விளிம்பை அடுத்து, பிறைகள் போல வளைந்த நுண்ணிய கீறல்கள் பல. துணியால் துடைத்துப் பார்க்கின்றான். அவை போகவில்லை. அவற்றை அங்கே இட்டவர் வேறெவருமல்லர். அவனுடைய கையே அவற்றை இட்டது.

அடுத்த வாரம் அவன் கருவியை எடுத்துக்கொண்டு அதனைச் செய்த கைவினைஞரிடமே செல்கின்றான். கீறல் விழும் இடத்தில் ஒரு காப்புத் தகடு பொருத்தித் தரும்படி கேட்கின்றான். கைவினைஞர் உடனே விடையளிப்பதில்லை. கருவியை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கின்றார். விரல் மூட்டால் பலகையை ஒருமுறை தட்டிக் கேட்கின்றார். பின்னர் அதனை மேசைமீது வைத்துவிட்டு மௌனமாயிருக்கின்றார். கிற்றார் செய்யும் பட்டறைகள் பலவற்றுக்கும் பழக்கமான காட்சி இது. உள்ளங்கையளவு தகடு ஒன்றைக் கேட்டதற்கு இத்தனை யோசனை ஏன் என இளைஞன் வியத்தல் கூடும். அந்த மௌனத்தின் பின்னே ஒரு நூற்றாண்டுக் கால அனுபவம் உண்டு.

ஆங்கிலத்தில் 'பிக்காட்' என வழங்கும் இத்தகடு, 'பிக்' எனப்படும் சிறு வில்லையாலோ நகத்தாலோ தந்தியை மீட்டும்போது, தந்தியைக் கடந்து செல்லும் வேகத்தில் அது பலகையைக் கீறாதவாறு தடுப்பதற்கென அமைந்தது. தொழிற்சாலையிலிருந்து வரும் கிற்றார்கள் பலவற்றில் அது முன்னரே ஒட்டப்பட்டிருக்கும். வாங்குபவன் அதனை ஒரு வினாவாகவே கருதுவதில்லை. கையாற் செய்த கருவியிலோ ஒவ்வோர் உறுப்பும் இருவர் கலந்து தீர்மானித்ததாக இருக்கும். வேண்டாமென முதலில் விடப்பட்ட ஒன்றைப் பின்னர் சேர்ப்பதென்றால், அத்தீர்மானத்தை மீண்டும் திறந்து பார்த்தாக வேண்டும்.

கைவினைஞரின் தயக்கத்தை விளங்கிக்கொள்ளுதற்கு அந்தப் பலகை யாதென அறிதல் வேண்டும். கிற்றாரின் குரல் பெரும்பாலும் அதன் மேற்பலகையிலிருந்தே பிறக்கின்றது. இதனைக் காட்டுதற்கு ஸ்பானிய நாட்டின் அந்தோனியோ தெ தொறெஸ் என்னும் பெருங் கைவினைஞர் 1862ஆம் ஆண்டில் விநோதமான கிற்றார் ஒன்றைச் செய்தார். அதன் மேற்பலகை வழக்கம்போல மரத்தால் ஆனது. முதுகும் பக்கங்களும் காகிதக் கூழால் ஆனவை. முதுகும் பக்கங்களும் காகிதமாயிருந்தும் நல்ல கிற்றாராக ஒலிக்கும் கருவியொன்றைச் செய்ய முடியும் என அவர் அதன்மூலம் நிறுவினார். அக்கருவி இன்று பார்சிலோனா நகரின் இசை அருங்காட்சியகத்தில் உள்ளது.

உருக்குத் தந்திகள் பூட்டிய கிற்றாரில் இம்மேற்பலகை ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் தடிப்பே உடையது. பெரும்பாலும் அது ஸ்புறூஸ் எனப்படும் ஊசியிலை மரத்திலிருந்து பெறப்படும். ஆறு தந்திகளும் சுருதி கூட்டப்பட்டதும் அதன்மீது ஏறத்தாழ 70 கிலோகிராம் எடைக்கு ஒப்பான இழுவை விழுகின்றது. இந்த இழுவையைத் தாங்குவதற்காக உட்புறத்தே பெருக்கற் குறி போன்று குறுக்கிட்டு நிற்கும் இரு சட்டங்களும் வேறு சிறு சட்டங்களும் ஒட்டப்படுகின்றன. பலகை தடித்தால் ஒலி அடங்கும். மெலிந்தால் கருவி மடங்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையைக் கைவினைஞர் தட்டித் தட்டிக் கேட்டே காண்கின்றார். உளியால் ஒரு சீவல் எடுப்பார், தட்டுவார், மீண்டும் ஒரு சீவல் எடுப்பார். பல நாட்களாகச் சீவல் சீவலாக எடையைக் குறைத்துப் பெற்ற பலகை மீது எதையேனும் ஒட்டித் தருமாறு கேட்டால் அவர் மௌனமாயிருப்பதில் வியப்பில்லை.

ஆனால், இவ்வச்சம் ஓரளவு மிகையானதே என்பதையும் அவர் அறிவார். பலகையின் அதிர்வு மிகுதியாக நிகழ்வது குதிரையைச் சூழ்ந்தும் அதன் பின்புறமாகவுமே. காப்புத் தகடு அமரும் இடமோ ஒலித்துளையின் அருகே, சட்டங்களால் இறுகிய பகுதியை ஒட்டியது. மெல்லிய தகடொன்றால் அங்கே ஒலியில் ஏற்படும் வேறுபாடு மிகச் சிறிது. தடித்த, கனத்த தகடாயின் கதை வேறு. ஆகவே ஒலி ஒன்றே அவரது மௌனத்துக்குக் காரணமன்று.

பழைய கிற்றார்களுக்கு இத்தகடு தேவைப்படவில்லை. விலங்கின் குடலிலிருந்து திரித்த நரம்புகளை விரல்களால் மெல்ல மீட்டிய காலத்தில் பலகைக்குப் பெரிதாக ஆபத்து நேரவில்லை. 1920களில் அமெரிக்காவில் உருக்குத் தந்திகள் பரவலாயின. நடன அரங்குகளின் ஆரவாரத்துக்கு மேலாகக் கிற்றார் ஒலிக்க வேண்டியிருந்தது. பன்ஜோ வாத்தியத்தை வில்லையால் அறைந்து பழகிய கலைஞர் பலர் கிற்றாருக்கு மாறினர். அத்தகையோருள் ஒருவரான பெரி பெக்ரெல், 1929ஆம் ஆண்டில் மாட்டின் நிறுவனத்தாரிடம், உடலுக்கு வெளியே கூடுதல் மெட்டுகள் அமைந்த கிற்றார் ஒன்றைச் செய்து தருமாறு கேட்டார். 1833ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் தொடங்கிப் பின்னர் பென்சில்வேனியாவின் நாசரேத் என்னும் ஊருக்குப் பெயர்ந்த பழம்பெரும் நிறுவனம் அது. அவ்வேண்டுகோளிலிருந்து பிறந்த மாதிரியிலே, 1930ஆம் ஆண்டளவில், நீர்த்துளி வடிவான சிறு காப்புத் தகடு இடம்பெறலாயிற்று. கையின் வேகம் கூடியது. காப்பு வந்து சேர்ந்தது.

அதற்கு முன்னரே வேறொரு வழியைக் கண்டவர்களும் உண்டு. கிப்சன் நிறுவனத்தாரின் வளைமுகக் கிற்றார்களிலும் மன்டலின்களிலும் காப்புத் தகடு பலகையைத் தொடுவதில்லை. பக்கவாட்டிற் பொருத்திய தாங்கியொன்றின் துணையோடு அது பலகைக்கு மேலே அந்தரத்தில் நிற்கும். 1909ஆம் ஆண்டில் இவ்வமைப்புக்குக் காப்புரிமை பெறப்பட்டது. காக்கப்படுவதை ஒட்டாமலே காத்தல் என்னும் நுட்பம் அதில் இருந்தது. எனினும் தட்டைமுகக் கிற்றார்களைச் செய்தோர் ஒட்டும் வழியையே பெரிதும் தேர்ந்தனர். அது எளிது, மலிவு, பார்வைக்கும் அடக்கமானது.

எதனை ஒட்டுவது என்பது அடுத்த வினா. 19ஆம் நூற்றாண்டிலே மீட்டும் வில்லைக்கும், நாப்போலி நகரத்து மன்டலின்களின் முகத்திற் பதிக்கும் தகட்டுக்கும் அழுங்காமையின் ஓடு விரும்பப்பட்டது. கொம்பைப் போலச் சூட்டில் வளைந்துகொடுக்கும் அவ்வோடு, தேன் நிறமும் கருஞ்சிவப்பும் கலந்து ஒளிரும். இலங்கைக்கு இது அறியாத பொருளன்று. தென்மேற்குக் கரையோரச் சிங்கள ஆடவர் முன்னொரு காலத்திற் கூந்தலிற் செருகிய வளைசீப்புகள் இவ்வோட்டினால் ஆனவையே. ஓட்டுக்காக ஆமைகள் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்பட்டன. 1977ஆம் ஆண்டில் அழுங்காமை இனம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையின் முதலாம் அட்டவணையிற் சேர்க்கப்பட்டு, அதன் ஓட்டின் சர்வதேச வணிகம் தடைசெய்யப்பட்டது. மரத்தின் முகத்தைக் காக்கவென ஓர் உயிரின் காப்பையே உரித்தெடுத்த முரண்பாட்டைப் பழைய மன்டலின்கள் இன்றும் தம் மார்பிற் சுமந்து நிற்கின்றன.

ஆமையோட்டின் இடத்தைப் பிடித்தது செலுலோயிட். பிலியட் பந்துகளுக்கு யானைத் தந்தத்துக்கு மாற்றாக ஒரு பொருளைத் தேடிய அமெரிக்கரான ஜோன் வெஸ்லி ஹையற் 1870ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். நைத்திரேற்றாக்கிய செலுலோசுடன் கற்பூரத்தைச் சேர்த்துப் பிசைந்தால், சூட்டில் இளகி எவ்வடிவத்தையும் ஏற்கும் பிளாஸ்ரிக் கிடைக்கின்றது. ஆமையோட்டின் நிறமும் புள்ளிகளும் அதில் அச்சொட்டாக அமைந்தன. மாட்டின் நிறுவனத்தார் இச்செலுலோயிட் தகட்டை மெருகு பூசுமுன்னரே வெறும் மரத்தின் மீது ஒட்டினர்; பின்னர் மரத்துக்கும் தகட்டுக்கும் சேர்த்தே மெருகு பூசினர். தகடு கருவியின் தோலுக்குள்ளே அமைந்தது போலத் தோன்றியது. பார்த்தவர் அதனை அழகெனக் கண்டனர். செய்தவரும் உறுதியெனக் கண்டனர்.

அவ்வுறுதிதான் பின்னர் வினையாயிற்று. கற்பூரத்தின் இயல்பைக் கோயிலும் பூசையறையும் அறிந்த எவருக்கும் விளக்கத் தேவையில்லை. திறந்து வைத்தால் அது காற்றோடு போய்விடும். அதனால் மிளகு சேர்த்துப் பேழையில் மூடிவைப்பர். செலுலோயிட்டினுள்ளே கலந்த கற்பூரமும் அவ்வாறே ஆண்டுக்கணக்கில், கண்ணுக்குத் தெரியாமல் வெளியேறுகின்றது. கற்பூரம் போகப் போகத் தகடு சுருங்குகின்றது, விறைக்கின்றது, ஓரங்கள் மேனோக்கிச் சுருள முனைகின்றன. வெறும் மரத்தோடு இறுக ஒட்டியிருப்பதால் அது தனியே சுருங்குவதில்லை. தன்னோடு மரத்தையும் இழுக்கின்றது.

மரமும் அசைவற்ற பொருளன்று. வறண்ட காற்றில் ஈரத்தை இழந்து சுருங்கும், ஈரக்காற்றில் விரியும். வரியின் போக்கில் இம்மாற்றம் மிகச் சொற்பம். வரிக்குக் குறுக்கேதான் பெரிது. ஆகவே மெல்லிய பலகையொன்று ஆண்டு முழுவதும் மூச்சு விடுவதுபோல அகன்றும் ஒடுங்கியும் கொண்டேயிருக்கும். அதன் ஒரு பகுதியை மட்டும் சுருங்கிய தகடொன்று விடாப்பிடியாகப் பற்றியிருந்தால் என்ன நிகழும்? தகட்டின் விளிம்பை அடுத்து, மரவரியின் வழியே, ஒலித்துளையிலிருந்து குதிரையை நோக்கி ஒரு வெடிப்பு ஓடுகின்றது. பல மாட்டின் கிற்றார்களில் ஏறக்குறைய ஒரே இடத்தில் இவ்வெடிப்புத் தோன்றியமையால், பழுது பார்ப்போர் அதற்கு அந்நிறுவனத்தின் பெயரையே இட்டு வழங்கினர். வில்லையின் கீறல் மெருகைத் தாண்டி மரத்தைத் தொட்டாலும் பலகை பிளப்பதில்லை. கீறாதபடி காக்கவென ஒட்டிய தகடோ பலகையைப் பிளந்துவிட்டது.

இதிலே எவருடைய தீயெண்ணமும் இல்லை. 1930களில் ஒட்டியவர்க்கு 1960களின் வெடிப்புத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவர்கள் கருவியை நேசித்தவர்களே. தங்களிடமிருந்த அழகிய பொருளை, தாமறிந்த மிக உறுதியான முறையில், அதன் முகத்தோடு சேர்த்தார்கள். அவர்களது பிழை ஒன்றே. இன்று நல்ல நிலையில் உள்ளது என்றும் அதே அளவில், அதே உருவில் இருக்கும் என எண்ணி, அதன் அசைவுக்கு இடம் வைக்காமல் விட்டார்கள். பழுது பார்ப்போர் இன்று அத்தகைய கருவியைப் பெற்றால், முதலில் தகட்டை மெல்ல அகற்றுவர். வெடிப்பைப் பசையிட்டு மூடுவர். ஒலித்துளையினூடே கைவிட்டு, உட்புறத்தே சிறு மரத்துண்டுகளைக் குறுக்காக ஒட்டி அதனைத் தைப்பர். வெறும் மரத்துக்கு மெருகு பூசுவர். அதன் பின்னரே, மெருகின் மேலாக, எப்பொழுதும் அகற்றக்கூடியவாறு தகட்டை மீண்டும் வைப்பர். மாட்டின் நிறுவனத்தாரும் 1980களின் பிற்பகுதியில் வெறும் மரத்தில் ஒட்டும் வழக்கத்தைக் கைவிட்டு, மெருகின் மேல் ஒட்டும் முறைக்கு மாறினர்.

அவ்வாறாயின் காப்பே வேண்டாமெனத் தீர்மானித்துவிடலாமா? அதற்கும் ஒரு கதை உண்டு. அதுவும் இதே நிறுவனம் செய்த கிற்றாரின் கதைதான். 1969ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சனின் கிற்றார் ரெக்சாஸ் மாநிலத்து நிகழ்ச்சியொன்றிற் பழுதுற்றது. பழுது பார்க்க அனுப்பப்பட்ட நாஷ்வில் நகரத்துக் கைவினைஞர், அது தேறாது எனக்கண்டு, அதன் ஒலிவாங்கும் உறுப்பை எடுத்து மாட்டின் கிற்றார் ஒன்றிற் பொருத்திக் கொடுத்தார். நெல்சன் அதனை நேரிற் பாராமலே 750 டொலருக்கு வாங்கினார். நைலோன் நரம்புகள் பூட்டிய, விரல்களால் மீட்டப்படுவதற்கென உருவான கருவி அது. அதனாலேயே அதற்குக் காப்புத் தகடு இல்லை. நெல்சனோ வில்லையால் மீட்டுபவர். ஆண்டுதோறும் எண்ணிறந்த மேடைகளில் அதனையே மீட்டினார். முதலில் மெருகு தேய்ந்தது. பின்னர் மரம் தேய்ந்தது. இறுதியில் ஒலித்துளைக்கும் குதிரைக்கும் இடையே இன்னொரு துளையே விழுந்துவிட்டது.

'றிகர்' எனக் குதிரையொன்றின் பெயரைத் தாங்கிய அக்கிற்றார் இன்று உலகம் அறிந்த கருவிகளுள் ஒன்று. 1970ஆம் ஆண்டின் இறுதியில் வீடு தீப்பற்றியபோது நெல்சன் உள்ளே ஓடி அதனை மீட்டெடுத்தார். 1990ஆம் ஆண்டில் வரிப்பாக்கிக்காக அரசாங்கம் அவரது உடைமைகளைக் கையகப்படுத்தியபோது, அதிகாரிகள் கையில் அகப்படாதவாறு அதனை மறைத்துக் காத்தவர் அவருடைய மகள். நண்பர்கள் பலர் அதன் முகத்திலே கையொப்பமிட்டுள்ளனர். துளை விழுந்த பின்னரும் அது அவருடைய குரலோடு சேர்ந்து ஒலித்துக்கொண்டே இருந்தது.

இக்கதையைக் கேட்கும் இளைஞர் சிலர், காயமே கருவிக்குப் பெருமை எனக் கொண்டு, கீறல்களைத் தேடிப் போவதும் உண்டு. இது அரைகுறையான பாடம். றிகர் தானாக உயிர் தப்பவில்லை. ஒஸ்ரின் நகரத்துக் கைவினைஞர் மார்க் ஏர்ல்வைன் பல்லாண்டுகளாக அதனைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்து, சிதைந்த சட்டங்களைச் சீர்செய்து, தேய்ந்த இடங்களுக்கு மெருகிட்டு வந்துள்ளார். தகடு செய்திருக்க வேண்டிய பணியை அங்கே ஒரு மனிதனின் இடையறாத கவனம் செய்தது. அத்தகைய கவனம் வாய்க்காத எத்தனையோ கிற்றார்கள் துளை விழுந்து, சட்டம் உடைந்து, மூலையிற் சாத்தப்பட்டிருக்கும். அவற்றைப் பற்றி எவரும் பேசுவதில்லை. காப்பு இல்லாமை சுதந்திரம் போலத் தோன்றினும், அதன் செலவை எவரோ ஒருவர் எங்கோ தொடர்ந்து செலுத்த வேண்டியிருக்கின்றது.

ஒட்டியதால் வந்த வெடிப்பு ஒருபுறம், ஒட்டாததால் விழுந்த துளை மறுபுறம். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழியைத் தென் ஸ்பானியத்தின் பிளமெங்கோக் கலைஞர்கள் கண்டனர். அவர்களது இசையிலே பலகையைத் தட்டுவதே ஓர் இலக்கணம். மோதிர விரலின் நகத்தால் தாளக்கட்டுக்கேற்பப் பலகையில் விழும் அடிக்குக் 'கோல்ப்பே' என்று பெயர். அடிப்பதே இசையான இடத்தில் அடிக்காதே எனச் சொல்லுதல் இயலாது. ஆகவே அடி விழும் இடத்தில் 'கோல்ப்பெயடோர்' எனப்படும் மெல்லிய தகட்டை வைத்தனர். இன்று அது பெரும்பாலும் நிறமற்ற, ஊடுபுலப்படும் மெல்லிய பிளாஸ்ரிக் தாளாகவே இருக்கும். அது கையைத் தடுப்பதில்லை. வா, அடி என அழைக்கின்றது. அதன் கீழே மரவரிகள் தெரிகின்றன. நகத்தின் அடி விழுவது தகட்டிலே, ஒலி எழுவது மரத்திலிருந்து. தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். காப்பு என்பது கையையும் மரத்தையும் பிரிக்கும் சுவராக இருக்கவேண்டியதில்லை என்பதற்கு அது சான்று.

பட்டறையிலே கைவினைஞர் இப்பொழுது வாய் திறக்கின்றார். முதலில் அவர் இளைஞனிடம் கேட்பது, யாருக்காக இந்தக் காப்பு என்பதாகும். கருவியை என்றோ ஒருநாள் நல்ல விலைக்கு விற்பதற்காகவா? அவ்வாறாயின் அது இன்னும் வராத ஒருவனுக்காகச் செய்யப்படும் காப்பு; அதைவிட மெதுவாக மீட்டப் பழகுதல் மலிவானது. அச்சமின்றி மீட்டுவதற்காகவா? அவ்வாறாயின் அது நியாயமான தேவை. கீறல் விழுமோ எனக் கையை அடக்கிக்கொள்பவனின் இசை அவன் அறியாமலே சுருங்கிப்போகும். இளைஞன் சிறிது யோசித்து, கீறல்களைக் கண்ட நாளிலிருந்து தான் முன்போல மீட்டவில்லை எனச் சொல்லுகின்றான். அது போதுமான விடை.

பின்னர் அவர் செய்ய வேண்டியவற்றை விளக்குகின்றார். எந்த மெருகின் மேல் ஒட்டப்போகின்றோம் என்பதை முதலில் அறிதல் வேண்டும். அரக்கைச் சாராயத்திற் கரைத்து, துணியால் நூறு தடவை தேய்த்துப் பெற்ற பழைய முறை மெருகாயின், வலிய பசை அதனை உரித்துவிடும். நைத்திரோசெலுலோஸ் லாக்கர் மெருகாயின், பசையின்றியே ஒட்டிக்கொள்ளும் மெல்லிய வினைல் தாள்கள் நெடுநாள் கிடந்தால் அதனை இளக்கிக் கறைப்படுத்துதல் கூடும். மெருகு புதிதாயின் அது முற்றாக இறுகும்வரை வாரக்கணக்கிற் காத்திருக்கவும் வேண்டும். கருங்காலி அல்லது றோஸ்வூட் மரத்தை மெல்லிதாகச் சீவித் தகடாக்கும் வழக்கமும் உண்டு. அப்பொழுது அத்தகட்டின் வரியும் பலகையின் வரியும் ஒரே திசையில் ஓடுமாறு வைத்தல் அவசியம். அவ்வாறு வைத்தால், பலகை ஒடுங்கும்போது தகடும் ஒடுங்கும். விரியும்போது தகடும் விரியும். குறுக்கே வைத்தால் ஒன்று மற்றொன்றைக் கிழிக்கும். மாட்டின் வெடிப்புக் கற்பித்த பாடம் இந்த ஒரு வாக்கியத்துள் அடங்கும்.

இன்னொன்றையும் அவர் மறைக்காமற் சொல்லுகின்றார். ஸ்புறூஸ் மரம் ஒளிபட ஒளிபட நிறம் முதிரும். வெண்மஞ்சள், தேன் நிறமாகிப் பின்னர் மேலும் ஆழ்ந்து செல்லும். நிறமுள்ள தகட்டின் கீழே மறைந்த மரமோ ஒளி காணாது வெளிறியே இருக்கும். பத்தாண்டுகளின் பின் தகட்டை அகற்றினால், அதன் வடிவம் நிழல் போல அங்கே நிற்கும். கையிலிருந்து மோதிரத்தைக் கழற்றிய பின்னும் விரலிலே வெளிறிய வளையம் தெரிவது போன்றது அது. ஆகவே அகற்றத்தக்க காப்பும் முற்றிலும் தடமின்றி அகலும் காப்பு அன்று. எதைச் சேர்த்தாலும் கருவியின் வரலாற்றிலே அது இடம்பெற்றுவிடும்.

இவையனைத்தையும் கேட்ட இளைஞன் ஊடுபுலப்படும் மெல்லிய தாளையே தேர்ந்துகொள்கின்றான். வேலை அரைநாட்குள் முடிந்துவிடுகின்றது. கைவினைஞர் முதலில் ஒரு கடதாசியை ஒலித்துளையின் மேல் வைத்து, அதன் வளைவை விரலால் அழுத்திப் பதித்தெடுக்கின்றார். அந்த அச்சைப் பார்த்து, இளைஞனின் கை உண்மையிலே சென்று விழும் இடம் எதுவென மீட்டச் சொல்லிக் காண்கின்றார். வழக்கமான வடிவத்தில் தேவையற்றதாகக் கண்ட ஒரு பகுதியை வெட்டிக் கழித்துவிடுகின்றார். காப்பு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே. தாளைக் கத்தரித்து, ஓரங்களை நுண்ணிய அரத்தாளால் மழுக்குகின்றார். பலகையைத் துடைத்து, சவர்க்காரம் ஒரு துளி கலந்த நீரை அதன்மீது மெல்லத் தெளிக்கின்றார். நீரின் மேல் தாள் வழுக்கும். வழுக்கும்வரை அதனை இப்படியும் அப்படியும் நகர்த்திச் சரியான இடத்தில் நிறுத்தலாம். நிறுத்திய பின்னர் துணி சுற்றிய அட்டையொன்றால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரையும் காற்றையும் தள்ளி வெளியேற்றுகின்றார். என்றேனும் ஒருநாள் இது வேண்டாமெனத் தோன்றினால், இளஞ்சூட்டில் பசையை இளக்கி, மரவரியின் போக்கிலேயே மெல்ல உரிக்க வேண்டும் என்றும், அவசரப்பட்டு இழுக்கலாகாது என்றும் சொல்லிவைக்கின்றார்.

ஈரம் உலர்ந்ததும் இளைஞன் கருவியைச் சாளரத்தருகே எடுத்துச் சென்று சாய்த்துப் பார்க்கின்றான். தகடு இருப்பது கண்ணுக்கு எளிதிற் புலப்படவில்லை. ஆனால் முதல் மாதங்களில் அவன் இட்ட பிறைக் கீறல்கள் அதன் கீழே அப்படியே தெரிகின்றன. அவற்றை மெருகிட்டு மறைத்திருக்கலாமே என அவன் கேட்கின்றான். மறைத்திருக்கலாம் என்கின்றார் கைவினைஞர். ஆனால் அதற்காகப் பலகையை மீண்டும் சீவ வேண்டும், அவ்வளவு மரத்தை இழக்க அது தகுந்த காரணமன்று என்கின்றார். இளைஞன் மேலும் ஒன்றும் கேட்கவில்லை. அங்கேயே ஒரு முக்காலியில் அமர்ந்து, வில்லையை எடுத்து, பல வாரங்களாக அடக்கி வைத்திருந்த கையோடு ஒருமுறை உரக்க மீட்டுகின்றான். கைவினைஞர் தம் வேலையை நிறுத்திவிட்டு, தலையைச் சற்றுச் சாய்த்து, அந்த ஒலி முற்றாக அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருக்கின்றார்.